மலையில் காபரேட்டர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹட்டனில் எங்கள் கராஜில் வேலை பழக வரும் தம்பிமார், நான் இருபது வயதில் விட்ட பிழைகளையே விடுகிறார்கள். ஃபில்டர் கழுவாதது, சோக் இறுகிக் கிடப்பதைப் பார்க்காதது எல்லாம் யாருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஜெட்டைச் சின்னதாக்கிவிட்டு மறப்பது

நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். கொழும்பைவிட அங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. எஞ்சினுக்குக் காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுப்பது காபரேட்டர்; அதில் பெட்ரோல் வரும் சின்னத் துளையுள்ள திருகுதான் ஜெட். காற்று குறைகிற அளவுக்கு ஜெட் வழியாக வரும் பெட்ரோல் குறைவதில்லை. அதனால்தான் கரும்புகை, பிளக்கில் கரி, ஏற்றத்தில் இழுவைக் குறைச்சல். இதைச் சரிக்கட்டத்தான் துளை சின்னதான ஜெட் போடுவது.

சின்ன பிஸ்டன் விமானங்களில் இதற்கென்றே விமானியின் கைக்கெட்டும் இடத்தில் ஒரு சிவப்புக் குமிழ் உண்டு. உயரம் ஏறியதும் அதை இழுத்துப் பெட்ரோலைக் குறைப்பார். இறங்கும்போது திரும்ப உள்ளே தள்ளுவார். இந்த இரண்டாவது வேலையைத்தான் நம் ஆட்கள் மறக்கிறார்கள். நம் வண்டியில் குமிழ் கிடையாது. மாற்றிய ஜெட் மாற்றியபடியே கிடக்கும்.

நுவரெலியாக்காரர் ஒருவரின் டூ ஸ்ட்ரோக் த்ரீவீலுக்கு நான் சின்ன மெயின் ஜெட் போட்டேன். நன்றாக இழுத்தது. அடுத்த வாரம் கல்யாண வீட்டுக்குக் கொழும்புக்குப் புறப்பட்டவர், அவிசாவளை தாண்டிய சமதரையில் முழு வேகத்தில் போகும்போது எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. டூ ஸ்ட்ரோக்கில் ஆயிலும் பெட்ரோலோடுதான் வரும். ஒன்று குறைந்தால் மற்றதும் குறையும். பேப்பரில் சுற்றிக்கொண்டு வந்த பிஸ்டனை மேசையில் வைத்தார். ஒரு பக்கம் முழுக்க நகத்தால் பிறாண்டியது போலக் கோடுகள், ரிங் அசையவே இல்லை. சிலிண்டரைக் கடைந்து சரிசெய்யும் ரீபோர் செலவை நான் கொடுத்தேன். அவர் இழந்த நாட்கூலியைக் கொடுக்க என்னிடம் காசில்லை.

இன்றும் யாராவது, "அண்ணே, ஜெட்டக் குறைச்சிட்டேன், நல்லா இழுக்குது" என்றால் எனக்குக் கோபம் வருகிறது. வண்டி எங்கே ஓடப்போகிறது என்று முதலில் கேள். கீழே இறங்குகிற வண்டியென்றால் பழைய ஜெட்டே இருக்கட்டும், மேலே கொஞ்சம் புகைத்தால் பரவாயில்லை. மேலேயே ஓடுவதென்றால் மாற்று, ஆனால் கழற்றியதை ஒரு பையில் போட்டு உரிமையாளர் கையில் கொடு.

ஐட்ல் ஸ்க்ரூவைத் திருகி உயரத்தைச் சமாளிப்பது

அது ஐட்லுக்கு, அதாவது எக்சிலேட்டர் கொடுக்காதபோது எஞ்சின் ஓடுவதற்கு மட்டும்.

ஜெட்டைக் கம்பியால் குத்துவது

கூடாது. துளை பெரிதாகிவிடும்.

சூட்டுக்குழாயைக் கழற்றி எறிவது

காபரேட்டர் தொண்டையில் பெட்ரோல் ஆவியாகும்போது சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். ஈரக்காற்றில், வெளியே இருபது பாகை இருந்தாலும், உள்ளே ஐஸ் கட்டலாம். ஆகாயத்தில் அப்படி எஞ்சின் நின்றால் உயிராபத்து. அதனால் எக்ஸோஸ்ட்டைச் சுற்றிச் சூடான காற்றை உள்ளே விட விமானிக்குத் தனி லீவர் இருக்கிறது. பழைய கார்கள் பலவற்றில் எக்ஸோஸ்ட் பக்கமிருந்து எயார் ஃபில்டருக்கு ஏறும் குழாய் அதே வேலையைச் செய்கிறது. அது வெறும் தகரமல்ல. நானுஓயாப் பக்கம் மூடுபனியில் வண்டி நின்றால், பெட்ரோல் பம்பில் கை வைக்குமுன் பத்து நிமிடம் பொறுத்துப் பார். எஞ்சின் சூட்டில் ஐஸ் உருகித் திரும்ப ஸ்டார்ட் ஆனால், அந்தக் குழாய் இருக்கிறதா என்று பார்.