ஹாஸ்டலில் ஒருவருக்கு ஃப்ளூ வந்தால்

காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பே ஃப்ளூ அடுத்தவருக்குப் பரவத் தொடங்கிவிடும். அதனால் ஒருவர் படுத்த பிறகு மட்டும் கவனமாக இருந்தால் போதாது. கல்லூரியில் இது வேகமாகச் சுற்றுவதற்குக் காரணம், மூடிய வகுப்பறையும் நெருக்கமான ஹாஸ்டல் அறையும்தான். ஜன்னலைத் திறந்து வையுங்கள். செலவில்லாத இந்த வேலையைத்தான் பலரும் மறக்கிறார்கள்.

காய்ச்சல் வந்துவிட்டதா? தயவுசெய்து வகுப்புக்குப் போகாதீர்கள். மாத்திரை போட்டுக் காய்ச்சலை அடக்கிக்கொண்டு போனாலும் கிருமி பரவத்தான் செய்யும். மாத்திரை இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருந்தால், அப்புறம் வெளியே வரலாம். அட்டெண்டன்ஸ் பயத்தில்தான் பலர் வந்து உட்காருகிறார்கள். ஆசிரியர்கள் இந்த நாட்களில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் வகுப்பே தப்பிக்கும்.

அறைத்தோழருக்கு வந்திருந்தால் இருவருமே மாஸ்க் போடுங்கள், தலைமாட்டைத் தள்ளி வைத்துப் படுங்கள். தண்ணீர் பாட்டில், டம்ளர், துண்டு எதையும் பகிர வேண்டாம். கதவுக் கைப்பிடி, சுவிட்ச், மொபைல் போன்றவற்றில் இந்தக் கிருமி 48 மணி நேரம் வரைகூட உயிரோடு இருக்கலாம், துடைத்துவிடுங்கள். கையை சோப்புப் போட்டு 20 விநாடி கழுவுங்கள்.

தடுப்பூசியை ஆண்டுதோறும் போட வேண்டும். அது வேலை செய்ய சுமார் 2 வாரம் ஆகும் என்பதால் சீசனுக்கு முன்பே போட்டுக்கொள்வது நல்லது. ஆஸ்துமா, சர்க்கரை நோய் உள்ள மாணவர்கள் காய்ச்சல் வந்த முதல் 2 நாட்களுக்குள் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். மூச்சுத் திணறல் இருந்தால் யாராக இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.