கிரெடிட் கார்டு பாயிண்டில் சிங்கப்பூர் டிக்கெட்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

"ஓசியில பறந்துட்டு வந்தேன்" என்று யாராவது வீடியோ போட்டால் பாதியை மட்டும் நம்புங்கள். மைல், அதாவது விமான நிறுவனக் கணக்கில் சேரும் பாயிண்ட், கொடுத்து எடுக்கும் டிக்கெட்டுக்கும் வரியும் விமான நிலையக் கட்டணமும் நம் கையிலிருந்துதான் போகும். வங்கிகளும் தானதர்மம் செய்ய இந்தக் கார்டுகளை நடத்தவில்லை. ஆனாலும் பொங்கல், தீபாவளி, மே மாத லீவு என்று டிக்கெட் விலை கண்ணைக் கட்டும் நேரத்தில், எப்படியும் ஆகிற வீட்டுச் செலவிலிருந்து சேர்ந்த பாயிண்டை வைத்து ஒரு சீட்டுப் பிடிக்க முடிந்தால் அது நல்ல மிச்சம்தான்.

உதாரணத்துக்குச் சென்னை–சிங்கப்பூர் வழித்தடத்தை எடுத்துக்கொள்கிறேன். மகனோ மகளோ அங்கே வேலையில் இருக்கும் குடும்பங்கள் நம்மில் ஏராளம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் மைல் சேர்க்கும் திட்டமான கிரிஸ்ஃப்ளையருக்கு நம் ஊர் வங்கிப் பாயிண்டுகள் பலவற்றை மாற்றவும் முடியும். வேறு ஊருக்குப் போகிறவர்களுக்கும் முறை இதேதான்.

படி 1: முதலில் ஊர், பிறகுதான் கார்டு

பலரும் "எந்தக் கார்டு பெஸ்ட்?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அடுத்த ஒன்றிரண்டு வருடத்தில் எங்கே போகப்போகிறீர்கள், எத்தனை பேர், எந்த மாதம் என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஊருக்கு எந்த விமானங்கள் போகின்றன, அவை எந்தக் கூட்டணியில் இருக்கின்றன என்று பார்ப்பது அடுத்த வேலை.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், ஏர் இந்தியா, லுஃப்தான்சா, யுனைடெட் எல்லாம் ஸ்டார் அலையன்ஸ். ஏர் இந்தியா அதில் சேர்ந்தது 2014-இல். பிரிட்டிஷ் ஏர்வேஸ், கத்தார், மலேசியா ஏர்லைன்ஸ், ஸ்ரீலங்கன் எல்லாம் ஒன்வேர்ல்டு. ஒரே கூட்டணிக்குள் ஒரு நிறுவனத்தின் மைலைக் கொடுத்து மற்றொன்றின் விமானத்தில் சீட்டு வாங்கலாம். கிரிஸ்ஃப்ளையர் மைலில் ஏர் இந்தியாவில் பறக்கலாம் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. எமிரேட்ஸ் எந்தக் கூட்டணியிலும் இல்லை. துபாய் வழியாகப் போகிறவர்கள் அதைத் தனியாகத்தான் பார்க்கவேண்டும்.

படி 2: கணக்குத் திறப்பது, இனிஷியல் தலைவலி

விமான நிறுவனத்தின் தளத்தில் உறுப்பினராவது இலவசம், ஐந்து நிமிட வேலை. ஆனால் நம் ஆட்கள் மாட்டிக்கொள்கிற இடம் இதுதான்.

பாஸ்போர்ட்டில் பெயர் குமார், குடும்பப் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் அப்பா பெயர் முருகேசன். வங்கிக் கணக்கில் 'எம் குமார்'. ஆதாரில் 'குமார் எம்'. மனிதர் ஒருவர்தான், ஆனால் கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். வங்கியிலிருந்து பாயிண்டை மாற்றும்போது கார்டில் உள்ள பெயரும் மைல் கணக்கில் உள்ள பெயரும் ஒத்துப்போகவில்லை என்றால் மாற்றம் நின்றுபோகலாம். டிக்கெட்டில் இருக்கும் பெயரோ பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகவேண்டும். ஆகவே மைல் கணக்கைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே திறந்துவிட்டு, வங்கியில் கேஒய்சி விவரத்தை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள். கிளையில் "இதெல்லாம் எதுக்கு சார்?" என்பார்கள். விடாதீர்கள். பாயிண்ட் சேரும் முன்பே இதை முடித்துவிடுவது நல்லது.

கிரிஸ்ஃப்ளையரில் உங்கள் மைலை வைத்து வேறொருவருக்கு டிக்கெட் எடுக்க, அவரை முதலில் நாமினியாகச் சேர்க்கவேண்டும். ஐந்து பேர் வரை சேர்க்கலாம். செலவு செய்வது பிள்ளை, பறப்பது அப்பா அம்மா என்பதுதான் நம் வீடுகளில் வழக்கம் என்பதால் அன்றைக்கே அவர்கள் பெயரையும் பதிந்துவிடுங்கள்.

படி 3: கார்டு

ஒரு நிபந்தனை. மாதாமாதம் பில்லை முழுசாகக் கட்டுகிற பழக்கம் இல்லை என்றால் இந்த விளையாட்டு வேண்டவே வேண்டாம். 40,000 ரூபாய் பில்லில் 'மினிமம் டியூ' என்று 2,000 மட்டும் கட்டுகிறீர்கள் என்று வையுங்கள். மிச்சம் 38,000-க்கு மாதம் 3.5% வட்டி என்றால் 1,330 ரூபாய். அதன்மேல் 18% ஜிஎஸ்டி. கிட்டத்தட்ட 1,570 ரூபாய் ஒரே மாதத்தில் போச்சு. பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்குவதற்கும் வட்டியில்லாத நாட்கள் கிடையாது. அந்த 40,000 செலவுக்குக் கிடைத்த பாயிண்ட் எவ்வளவு? நூறு ரூபாய்க்கு இரண்டு என்றாலும் வெறும் 800.

முழுசாகக் கட்டுகிறவர் என்றால் மேலே படியுங்கள். இதுவரை கடன், கார்டு எதுவும் எடுக்காதவருக்குச் சிபில் ஸ்கோரே (கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் மதிப்பெண்) இருக்காது. ஒரு ஃபிக்ஸட் டெபாசிட்டைக் காட்டி அதன்பேரில் கார்டு வாங்குவதுதான் சுலபமான வழி. அதை வைத்து ஓராண்டு ஒழுங்காகக் கட்டிவிட்டு நல்ல கார்டுக்கு விண்ணப்பிக்கலாம்.

ஒரே ஒரு விமான நிறுவனத்தின் பெயர் போட்ட கார்டுகளும் உண்டு, வங்கியின் சொந்தப் பாயிண்டைச் சேர்த்துப் பின்னால் பல நிறுவனங்களுக்கு மாற்றிக்கொள்ளும் கார்டுகளும் உண்டு. என் ஓட்டு இரண்டாவதற்கு. கிங்ஃபிஷர் 2012-இல் பறப்பதை நிறுத்தியது, ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில். விஸ்தாரா 2024 நவம்பரில் ஏர் இந்தியாவோடு இணைந்தபோது அதன் உறுப்பினர்கள் வேறு திட்டத்துக்கு மாறவேண்டியிருந்தது. வங்கியில் பாயிண்டாகவே கிடந்தால் ஒரு கதவு மூடினாலும் இன்னொரு கதவு உண்டு.

விண்ணப்பிக்கும் முன் அந்த வங்கியின் தளத்தில் விதிமுறைகள் உள்ள பக்கத்தைத் திறந்து, நூறு ரூபாய்க்கு எத்தனை பாயிண்ட், எத்தனை பாயிண்ட் கொடுத்தால் ஒரு மைல், ஆண்டுக்கு எவ்வளவு வரை மாற்றலாம், எந்தச் செலவுக்குப் பாயிண்ட் இல்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். போனில் பேசும் ஏஜெண்ட் சொல்வது கணக்கில் வராது. இந்த விகிதங்களை வங்கிகள் அடிக்கடி மாற்றும். ஆண்டுக் கட்டணம் 5,000 என்றால் ஜிஎஸ்டியோடு 5,900 என்று எழுதிக்கொள்ளுங்கள்.

படி 4: சேர்ப்பது

பாயிண்டுக்காகச் செலவு செய்யக்கூடாது. மளிகை, மின்கட்டணம், பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ், இன்சூரன்ஸ் பிரீமியம் என எப்படியும் கட்டுகிறதைக் கார்டுக்குத் திருப்புவது மட்டும்தான் வேலை. அதிலும் வாடகை, பெட்ரோல், வாலட்டில் பணம் ஏற்றுவது, சில கார்டுகளில் இன்சூரன்ஸ், அரசுக் கட்டணம் இவற்றுக்குப் பாயிண்ட் இருக்காது. கடையின் வகையைக் காட்டும் நாலு இலக்கக் குறியீடு ஒன்று மெஷினிலேயே பதிவாகியிருக்கும். வங்கி அதைப் பார்த்துத்தான் கொடுக்கும், நீங்கள் என்ன வாங்கினீர்கள் என்று பார்க்காது.

கல்யாணத்துக்கு நகை எடுக்கும்போது ஆசை வரும். ஒரு லட்சத்துக்குக் கார்டு தேய்த்தால் எவ்வளவு பாயிண்ட்! கடைக்காரர் மெதுவாக, "கார்டுன்னா ரெண்டு பெர்சென்ட் சேர்த்து வரும்" என்பார். இரண்டாயிரம் ரூபாய் கூடுதல். உங்களுக்கு வருவது 2,000 பாயிண்ட், அதுவும் அந்தக் கார்டு நகைக்குப் பாயிண்ட் கொடுத்தால். ஒரு பாயிண்டின் மதிப்பு 60 பைசா என்றால் 1,200 ரூபாய். 800 ரூபாய் நஷ்டத்தில் மைல் வாங்குகிறீர்கள். பேசாமல் ஜிபே பண்ணிவிடுங்கள்.

வேகமாக ஏற உதவுவது சேரும்போது தரும் போனஸும், ஆண்டில் இவ்வளவு செலவு செய்தால் இவ்வளவு என்று தரும் போனஸும்தான். வங்கியின் சொந்தத் தளத்தில் சூப்பர்மார்க்கெட் வவுச்சர் வாங்கினால் சில கார்டுகளில் பல மடங்கு பாயிண்ட் விழும். வீட்டில் இன்னொருவருக்கு ஆட்-ஆன் கார்டு எடுத்தால் இரண்டு பேர் செலவும் ஒரே கணக்கில் சேரும்.

ஆபீஸ் செலவில் பறக்கிறவர்கள் டிக்கெட்டில் உறுப்பினர் எண்ணைச் சேர்க்க மறக்காதீர்கள். கம்பெனிதானே காசு கொடுத்தது என்று விட்டுவிடுகிறார்கள். மைல் பறந்தவருக்குத்தான். கணக்கில் ஏறும்வரை போர்டிங் பாஸை எறியவேண்டாம்.

படி 5: இந்தக் கணக்கைப் போடாமல் மைலைத் தொடாதீர்கள்

டிக்கெட்டின் காசு விலையிலிருந்து, மைல் டிக்கெட்டுக்குக் கட்டவேண்டிய வரியைக் கழியுங்கள். வருவதை மைல் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு மைல் உங்களுக்கு எவ்வளவு சம்பாதித்துக் கொடுக்கிறது என்று தெரியும்.

கணக்குக்காக, போக வர ஒருவருக்கு 40,000 மைல், வரி 7,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண நாளில் அதே விமானத்தில் டிக்கெட் 32,000 என்றால் (32,000 – 7,000) ÷ 40,000 = 62 பைசா சொச்சம். சுமாரான மதிப்புதான். பொங்கல் வாரத்தில் அதே டிக்கெட் 55,000 என்றால் 1 ரூபாய் 20 பைசா. தாராளமாக எடுக்கலாம்.

அதே தேதியில் பட்ஜெட் விமானத்தில் 18,000-க்குக் கிடைக்கிறதா? அப்போது மைலின் மதிப்பு 27 பைசாதான். திருச்சி, கோவையிலிருந்து ஸ்கூட் என்ற பட்ஜெட் விமானம் நேராகவே சிங்கப்பூர் போகிறது. ஆஃபர் நேரத்தில் அதைக் காசுக்கு வாங்கிவிட்டு மைலை அப்படியே வைத்திருப்பதுதான் புத்திசாலித்தனம். ஆனால் அங்கே லக்கேஜுக்கும் சாப்பாட்டுக்கும் தனிக் காசு. அம்மா கட்டிக் கொடுக்கும் ஊறுகாய், பொடி, மிக்சி ஜார் எல்லாவற்றையும் எடை போட்டு, அந்தச் செலவையும் சேர்த்துத்தான் ஒப்பிடவேண்டும்.

என் அளவுகோல்: மைலுக்கு 50 பைசாவுக்குக் கீழே வந்தால் காசு, ஒரு ரூபாய்க்கு மேலே வந்தால் யோசிக்காமல் மைல். நடுவில் வந்தால் அப்போதைய கைநிலையைப் பொறுத்தது. கடைசி நேரப் பயணம், விழாக்காலம், பிசினஸ் கிளாஸ், லண்டன் மாதிரி நீண்ட தூரம், இவற்றில்தான் மைலின் மதிப்பு ஏறும். பாயிண்டைக் கொடுத்து மிக்சியும் குக்கரும் வாங்குவது பெரும்பாலும் வீண்.

படி 6: சீட்டைப் பார்த்த பிறகுதான் மாற்றவேண்டும்

பாயிண்டை வங்கியிலிருந்து மாற்றிவிட்டால் திரும்ப வராது. கிரிஸ்ஃப்ளையருக்குப் போனதும் 36 மாதக் காலக்கெடுவும் ஓடத் தொடங்கும். எனவே முதலில் அவர்கள் தளத்தில் மைல் டிக்கெட் தேடும் பகுதிக்குப் போய்த் தேதி போட்டுப் பாருங்கள். சேவர், அட்வான்டேஜ் என்று விலைகள் காட்டும். சேவர் குறைந்த மைல், சீட்டும் குறைவு. அட்வான்டேஜ் அதிக மைல், சீட்டுக் கொஞ்சம் தாராளம். சேவரில் 'வெயிட்லிஸ்ட்' என்று வந்தால் அது உறுதியான சீட்டு அல்ல, அதை நம்பி லீவு போடாதீர்கள்.

தேதியில் இரண்டு மூன்று நாள் முன்னே பின்னே நகர முடிந்தால் வேலை பாதி முடிந்த மாதிரி. போவது ஒரு நாள், வருவது வேறு நாள் என்று தனித்தனியாகவும் தேடுங்கள். பொங்கலுக்குச் சீட்டு வேண்டுமென்றால் மார்கழியில் தேடிப் பயனில்லை; அநேகமாக ஒரு வருடம் முன்னாலேயே திறந்துவிடுகிறார்கள்.

சீட்டு கண்ணில் பட்டதும் மாற்றுங்கள், தேவையான அளவு மட்டும். சில வங்கிகளில் உடனே ஏறும், சிலவற்றில் சில நாளாகும். அதற்குள் சீட்டு போய்விடும் ஆபத்து உண்டு. அதனால் இரண்டாவது தேதி ஒன்றையும் மனதில் வைத்திருங்கள். வரியைக் கட்டும்போது கரன்சியைப் பாருங்கள். திரும்பி வரும் டிக்கெட்டுக்குச் சிங்கப்பூர் டாலரில் கேட்டால் பல கார்டுகளில் 3.5% மார்க்கப் (வெளிநாட்டுக் கரன்சிக்கான கட்டணம்), அதன்மேல் ஜிஎஸ்டி, ஆக 4.13% கூடுதல்.

படி 7: இரண்டாம் ஆண்டுக் கட்டணம்

கார்டு எடுத்து ஓராண்டு ஆகும் முன் காலண்டரில் ஒரு நினைவூட்டல் போடுங்கள். வங்கிக்குப் போன் செய்து கட்டணத்தைத் தள்ளுபடி செய்யக் கேளுங்கள். நல்ல செலவு காட்டியிருந்தால் பல நேரம் இறங்கிவருவார்கள். மறுத்தால், மீதிப் பாயிண்டை முதலில் பயன்படுத்தி அல்லது மாற்றிவிட்டு, பாக்கியையும் தீர்த்துவிட்டு, கார்டை மூடச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி பாக்கி இல்லாத கார்டை ஏழு வேலை நாளில் மூடவேண்டும். தாமதமானால் நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தரவேண்டும்.