“எனக்கு சைனஸ்” என்று சொல்வதை நிறுத்திய பிறகு

இரண்டு வருடம், எந்த டாக்டரிடம் போனாலும் என் முதல் வாக்கியம் இதுதான்: “எனக்கு சைனஸ் இருக்கு டாக்டர்.” அவரும் அதையே எழுதிக்கொள்வார். ஐந்து நாள் ஆன்டிபயாடிக், கூடவே ஒரு சொட்டு மருந்து. பத்து நாள் பரவாயில்லை என்றிருக்கும், அப்புறம் பழையபடி. அச்சுப்பிழை திருத்துவது என் வேலை. நாள் முழுக்கக் குனிந்தே படிக்க வேண்டும். குனிந்தால் வலது கன்னத்தில் கல்லைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி கனக்கும்.

சைனஸ் என்பது நோயின் பெயரே இல்லை. நெற்றியில், கன்னங்களில், கண்களுக்கு நடுவில், மூக்குக்குப் பின்னால் ஆழத்தில் என்று நம் எல்லோருக்கும் நான்கு ஜோடி காற்றறைகள் இருக்கின்றன. அவற்றுக்குத்தான் அந்தப் பெயர். அங்கே இருப்பது ஒவ்வாமையா, பாலிப்பா (உள்சவ்வில் வளரும் சதை), பூஞ்சையா, பல்லிலிருந்து ஏறிய சீழா என்று கண்டுபிடிப்பதுதான் நோயறிதல். அந்த வேலை நடக்கும் முன்பே நான் முடிவைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வெறும் தலைவலி மட்டும் உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2004-ல் வெளியான ஓர் ஆய்வில், தங்களுக்கு சைனஸ் தலைவலி என்று நம்பிய ஏறத்தாழ 3,000 பேரைப் பரிசோதித்தார்கள். அவர்களில் 88 சதவீதம் பேருக்கு இருந்தது மைக்ரேன் வகைத் தலைவலி. வலி வரும்போது வெளிச்சமும் சத்தமும் பொறுக்கவில்லை, குமட்டுகிறது என்றால் டாக்டரிடம் அதை முதலில் சொல்லுங்கள்.

போவதற்கு முன் இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள். நான்கு விஷயம் போதும்: அடைப்பு, சளி (முன்னால் ஒழுகுகிறதா, தொண்டைக்குள் இறங்குகிறதா), முகத்தில் வலி அல்லது அழுத்தம், வாசனை தெரிகிறதா. இவற்றில் குறைந்தது இரண்டு இருந்து, அந்த இரண்டில் ஒன்று அடைப்பாகவோ சளியாகவோ இருந்து, 12 வாரத்துக்கு மேல் நீடித்தால்தான் நாள்பட்ட சைனஸ் அழற்சி என்ற சந்தேகமே வருகிறது. அதற்கு மேல் கண்ணால் பார்த்த ஆதாரமும் வேண்டும். ஐந்தாவதாக ஒன்றையும் எழுதச் சொல்வேன்: எந்தப் பக்கம்? என் நோட்டில் பதினான்கு நாளும் “வலது” என்றே இருந்தது. நாற்றமடிக்கும் சளி, அதுவும் ஒரே பக்கம். கூச்சத்தில் அந்த நாற்றத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை.

இந்த நோட்டோடு காது மூக்கு தொண்டை நிபுணரிடம் போங்கள். மூக்குக்குள் மெல்லிய குழாய் கேமரா விட்டுப் பார்ப்பார். மரத்துப்போக மருந்து அடித்துவிடுவதால் வலி அதிகம் இருக்காது. கண்ணில் நீர் வரும், ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும். பாலிப், சீழ், மூக்கை இரண்டாகப் பிரிக்கும் நடுத்தண்டின் வளைவு எல்லாம் அதில் தெரியும். தண்டு கொஞ்சம் வளைந்திருப்பது மிகச் சாதாரணம். அதை மட்டும் காரணமாகச் சொன்னால் மேலும் கேளுங்கள்.

சி.டி. ஸ்கேனை ஜலதோஷம் பிடித்திருக்கும்போது எடுக்க வேண்டாம். சாதாரண ஜலதோஷத்திலேயே சைனஸின் உள்சவ்வு வீங்கித் தெரியும். பெரும்பாலும் சில வாரம் மருந்து எடுத்துப் பார்த்த பிறகுதான் ஸ்கேன் எழுதுவார்கள். ஒரு பக்கம் மட்டும் தொல்லை என்றால் அதைச் சொல்லி, மேல்பற்களின் வேர்களும் படத்தில் வரும்படி கேளுங்கள். என் படத்தில் இடது கன்ன அறை கறுப்பாக, அதாவது காற்றோடு சுத்தமாக இருந்தது. வலது அறை முழுக்கச் சாம்பல் நிறம். அதன் தரையில், ஆறு வருடம் முன்பு ரூட் கேனல் செய்த கடைவாய்ப் பல்லின் வேர். அந்தப் பல் ஒரு நாள்கூட வலித்ததில்லை. பல்லை எடுத்த பிறகுதான் சீழ் நின்றது. அதற்கு முன் விழுங்கிய ஆன்டிபயாடிக் எல்லாம் வேரைத் தொடவே இல்லை.

பல் காரணமாக இல்லாத பெரும்பாலானோருக்கு இது நீடித்த அழற்சி. அதற்கு அடிப்படை மருந்து இரண்டு: உப்புநீர்க் கழுவல், ஸ்டீராய்டு ஸ்ப்ரே. இரண்டையுமே நான் முதலில் தப்பாகத்தான் செய்தேன்.

கழுவும் தண்ணீர் குழாயிலிருந்து நேராக வரக்கூடாது. ஒரு நிமிடமாவது தளதளவென்று கொதித்து ஆறியதாகவோ, காய்ச்சி வடித்த நீராகவோ (டிஸ்டில்டு வாட்டர்) இருக்க வேண்டும். நெக்ளேரியா என்ற அமீபா மூக்கு வழியே மூளைக்குப் போய் இறந்தவர்கள் உண்டு. அபூர்வம்தான், ஆனால் விட்டுவைக்கக் கூடிய ஆபத்து அல்ல. அயோடின் கலக்காத உப்பு மூன்று பங்கு, சமையல் சோடா ஒரு பங்கு கலந்துவைத்து, 240 மில்லி வெதுவெதுப்பான நீருக்கு ஒரு டீஸ்பூன் போடுங்கள். தொட்டியின் மேல் குனிந்து, வாயால் மூச்சு விட்டபடி பாட்டிலை மெதுவாக அழுத்துங்கள். எரிந்தால் உப்பின் அளவு சரியில்லை. பாட்டிலைத் தினமும் கழுவிக் காயவையுங்கள்.

ஸ்ப்ரே அதற்குப் பிறகு. வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை. முனை நடுத்தண்டைப் பார்க்காமல் வெளிப்பக்கம், கண்ணின் ஓரத்தை நோக்கி இருக்க வேண்டும். தண்டின் மேலேயே அடித்ததால் எனக்கு ரத்தம் வந்து, மருந்தையே நிறுத்திவிட்டேன். உறிஞ்சி இழுக்காதீர்கள், இழுத்தால் தொண்டைக்குப் போய்விடும். பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும். தினமும் அடிக்க வேண்டும், அடைத்த நாளில் மட்டும் அல்ல.

நொடியில் மூக்கைத் திறந்துவிடும் சொட்டு மருந்து வேறு. ஆக்சிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் என்று பெட்டியில் போட்டிருக்கும். மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாள். அதற்கு மேல் போனால் அந்த மருந்தே அடைப்பை உண்டாக்கும். நான் நான்கு மாதம் போட்டேன். அதை விட்டுவிட்டுத் தூங்கப் பட்ட பாடு பல்லால் பட்டதைவிடப் பெரிது.

இவ்வளவுக்கும் அடங்காவிட்டால் எண்டோஸ்கோபி வழியாக அறுவை சிகிச்சை. அது வடிகாலைத் திறந்து மருந்து உள்ளே போக வழி செய்கிறது; அழற்சியின் குணத்தை மாற்றுவதில்லை. அதனால் கழுவலும் ஸ்ப்ரேயும் பிறகும் தொடர வேண்டும், பாலிப் உள்ளவர்களுக்கு அது திரும்பவும் வளரலாம். ஆஸ்துமாவும் பாலிப்பும் சேர்ந்து, ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரை போட்டால் மூச்சு இறுகுகிறது என்றால், அறுவைக்கு முன்பே கட்டாயம் சொல்லுங்கள், அது தனி நோய். கடுமையான பாலிப்புக்கு டுப்பிலுமாப் என்ற ஊசி மருந்துக்கு 2019-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அறுவைக்குப் பின்னும் பாலிப் திரும்பியவர்கள் அதைப் பற்றிக் கேட்கலாம்.

கண்ணைச் சுற்றி வீக்கம், இரண்டிரண்டாகத் தெரிவது, பார்வை மங்குவது, காய்ச்சலோடு கழுத்து இறுகித் தலை பிளப்பது: இவற்றில் ஒன்று வந்தாலும் நோட்டு எழுதிக்கொண்டிருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு முகம் மரத்துப்போனாலும், மூக்கிலோ அண்ணத்திலோ கறுத்த புண் தெரிந்தாலும் அப்படியே. அது பூஞ்சையாக இருந்தால் மணிக்கணக்கில் பரவும்.