பசையில்லாமல் மரப்பாச்சிக்குப் புடவை

எங்கள் வீட்டு மரப்பாச்சி ஜோடி 1974-இல் அம்மாவின் கல்யாணச் சீரோடு திருவையாற்றிலிருந்து கும்பகோணம் வந்தது. எட்டு அங்குல உயரம், நல்ல செம்மரம். மேல் படியில் கலசத்துக்குப் பக்கத்தில் இவர்கள் இருவரும் ஏறிய பிறகுதான் மற்ற கொலு பொம்மைகள் பெட்டியை விட்டு வெளியே வரும். ஒவ்வொரு புரட்டாசியிலும் இவர்களுக்குப் புதுத்துணி உண்டு. பதினெட்டு வருஷமாக அதை நான்தான் தைக்கிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். மரத்தில் ஒரு பொட்டுப் பசைகூடப் படக்கூடாது. ஆரம்பத்தில் நானும் அவசரத்துக்கு லேஸைப் பசை போட்டு ஒட்டினேன். கொலு முடிந்து பிரித்தால் தோளில் வெள்ளைத் திட்டு. அதை எடுக்க நெயில் பாலிஷ் ரிமூவரால் தேய்த்தேன், பஞ்சு சிவந்துபோனது. செம்மரத்தின் சாயம் தண்ணீருக்கு அவ்வளவாக மசியாது; ஸ்பிரிட், ரிமூவர் பட்டால் கரைந்து வந்துவிடும். வெளிறிய அந்த இடம் இன்னும் அப்படியே இருக்கிறது. அன்றிலிருந்து எல்லாமே ஊசி, நூல், முடிச்சுதான்.

மகாளய அமாவாசைக்கு ஒரு வாரம் முன்பே பொம்மைகளை வெளியே எடுங்கள். காய்ந்த துணியால் துடைத்து, இடுக்குகளில் பழைய டூத் பிரஷ்ஷால் தூசி தட்டி, இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் தடவித் தேய்த்துவிடுங்கள். இரண்டு நாள் ஊற வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய் பட்டில் இறங்கிவிடும்.

அப்புறம் உள்துணி. பழைய வேட்டியிலிருந்து நாலு செ.மீ. அகலத்தில் ஒரு நாடா கிழித்து, இடுப்பில் இரண்டு சுற்று இறுக்கிச் சுற்றி, முனையை அந்தத் துணியோடே தைத்துவிடுங்கள். மார்பிலும் இப்படியே ஒரு நாடா. இனி தைப்பதெல்லாம் இந்த நாடாவில்தான் பிடிக்கும். பசை இல்லாமல் புடவை நிற்பது இதனால்தான்.

புடவைக்குக் கிழிந்த பழைய பட்டே உத்தமம். புதுப்பட்டு விறைத்து நிற்கும், இருபது வருஷம் கட்டிய பட்டு சொன்னபடி கேட்கும். கரை விரல் அகலத்துக்குள் இருக்கட்டும். நாலு அங்குலக் கரை பொம்மைக்கு இடுப்புவரை ஏறிவிடும். நீளம்தான் எல்லோரும் தவறுகிற இடம். எட்டு அங்குலப் பொம்மை, ஐந்தடி நாலங்குலப் பெண்ணில் எட்டில் ஒரு பங்கு. ஐந்தரை மீட்டர் புடவையை எட்டால் வகுத்தால் 69 செ.மீ. வரும். அதைச் சுற்றிப் பாருங்கள், இடுப்பு உரல் மாதிரி ஆகிவிடும். நீளத்தைக் குறைக்கலாம், துணியின் கனத்தைக் குறைக்க முடியாதே. அதனால் நான் இரண்டு துண்டாக வெட்டுகிறேன்.

கீழ்த்துண்டு 40 செ.மீ. நீளம், 13 செ.மீ. உயரம். நடுவில் அரை அங்குல அகலத்தில் எட்டுக் கொசுவம் மடித்து, மேலே ஓட்டுத் தையல் போடுங்கள். கீழேயும் தற்காலிகமாகப் பெரிய தையல் ஒன்று. பித்தளைச் சொம்பில் கொதிநீர் ஊற்றி, கொசுவத்தின் மேல் பத்து நிமிஷம் வைப்பேன். சூடு அளவாக இருப்பதால் ஜரிகை கருகாது. பிறகு கனமான புத்தகத்துக்கு அடியில் ஒரு ராத்திரி. காலையில் கீழ்த்தையலைப் பிரித்தால் கொசுவம் அப்படியே நிற்கும். இடுப்பில் சுற்றி, மேல்விளிம்பை உள்ளே மடித்து நாடாவோடு தையுங்கள். மார்பு நாடாவின் மேல் வேறு நிறத்தில் மூன்று செ.மீ. ரிப்பன் சுற்றினால் ரவிக்கை ஆயிற்று. முந்தானை 28-க்கு 6 செ.மீ. துண்டு. இரண்டு விரல் அகலத்துக்கு மடித்து, வலது இடுப்பில் ஒரு தையல், இடது தோளில் ஒரு தையல். மிச்சம் முதுகில் தொங்கட்டும்.

ஆணுக்குக் கால்கள் ஒட்டியே செதுக்கியிருப்பதால் பஞ்சகச்சம் வராது. முன்கொசுவம் வைத்த வேட்டி, தோளில் ஜரிகை நாடா, போதும்.

நகை செய்வதில்தான் எனக்கு உயிரே இருக்கிறது. காசுமாலைக்கு ஓரத்தில் துளையுள்ள தங்கநிறச் சமிக்கி வாங்குங்கள். 5 மி.மீ. அளவு, இருபத்தைந்து போதும். ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறும்படி மெல்லிய நாடாவில் தைத்தால் அசல் காசு மாதிரியே தொங்கும். மணி கோக்க நைலான் நரம்பு வேண்டாம், இவ்வளவு சின்னக் கழுத்தில் அது வளையாமல் விறைத்து நிற்கும். பருத்தி நூலை மெழுகுவத்தியில் இரண்டு தரம் இழுத்துக்கொள்ளுங்கள், ஊசி இல்லாமலே மணிக்குள் போகும். நெற்றிச்சுட்டிக்கு ஒரே ஒரு முத்து. நூலைத் தலையைச் சுற்றிக் கொண்டு போய்க் கொண்டைக்கு அடியில் முடியுங்கள். சுட்டி நழுவாது. எங்கள் பொம்மைக்குக் கை உடம்போடு ஒட்டியிருப்பதால் வளையல் ஏறாது. முழங்கை இடுக்கில் ஊசி போகிற அளவு இடைவெளி இருக்கிறது, அதில் ஜரிகை நூலை நாலு சுற்று சுற்றி வங்கியாக முடிந்துவிடுவேன். ஜரிகை லேஸில் ஒட்டியாணம் கட்டினால் இடுப்புத் தையலெல்லாம் மறைந்துவிடும்.

விஜயதசமி ராத்திரி ஆரத்தி எடுத்து இருவரையும் படுக்க வைப்போம். மறுநாள் தையலை மட்டும் வெட்டித் துணியைக் கழற்றி, பொம்மைகளைப் பழைய வேட்டியில் தனித்தனியாகச் சுற்றி, ஒரு துண்டு வசம்போடு பெட்டியில் வைப்பேன். கழற்றிய துணிகளுக்குத் தனியாக ஒரு பிஸ்கட் டப்பா. ஒவ்வொன்றிலும் வருஷம் எழுதின சீட்டு குத்தியிருக்கும். என் பெண் 2011-இன் அரக்குப் புடவையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அதற்கு ஏற்ற ரவிக்கை நிறம் தேடிக்கொண்டிருக்கிறாள்.