வீட்டிலேயே காய்கறி பீட்சா: மாவு பிசைவதிலிருந்து துண்டு போடுவது வரை

வீட்டில் காய்கறி பீட்சா செய்தால் பெரும்பாலும் ஒரே குறைதான் வரும். நடுப்பகுதி நசநசவென்று இருக்கும். துண்டை எடுத்தால் நுனி தொங்கும். மாவு சரியில்லை என்று நினைப்போம். உண்மையில் காய்களில் இருக்கும் தண்ணீர்தான் பல நேரம் இப்படிச் செய்கிறது. காளானின் எடையில் 90 சதவீதத்துக்கும் மேல் தண்ணீர்தான், தக்காளியும் அப்படியே. அந்தத் தண்ணீரை முன்கூட்டியே வெளியேற்றிவிட்டால், முதல் முறை செய்பவர்களுக்கும் பீட்சா நன்றாக வரும்.

எல்லோரும் சேர்ந்து செய்வதற்குத் தோதான சமையல் இது. மாவு உப்பும் நேரத்தில் சாஸ், காய், சீஸ் என்று ஆளுக்கொரு வேலை இருக்கும். எல்லாம் சேர்த்து மூன்று மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். அதில் பாதி, மாவுக்காகக் காத்திருக்கும் நேரம்தான்.

மாவு

25 செ.மீ. அகலத்தில் 3 பீட்சாவுக்கு: மைதா 500 கிராம், தண்ணீர் 320 மி.லி., இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 5 கிராம் (ஒன்றரை தேக்கரண்டி), சர்க்கரை 1 தேக்கரண்டி, உப்பு 10 கிராம், ஆலிவ் எண்ணெய் 2 மேசைக்கரண்டி. சமையலறைத் தராசு இருந்தால் கட்டாயம் பயன்படுத்துங்கள். கோப்பையில் மாவை அழுத்தி அளப்பதற்கும் தளர்வாக அளப்பதற்கும் எடையில் நிறைய வித்தியாசம் வரும்.

இன்ஸ்டன்ட் ஈஸ்ட் என்றால் நேராக மாவில் கலக்கலாம். உங்களிடம் இருப்பது பெரிய மணிகளாக உள்ள ஆக்டிவ் டிரை ஈஸ்ட் என்றால், சர்க்கரை கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு 10 நிமிடம் விடுங்கள். மேலே நுரை கட்டினால் ஈஸ்ட் உயிரோடு இருக்கிறது. நுரையே வரவில்லையா? அதை அப்படியே விட்டுவிட்டுப் புது ஈஸ்ட் எடுங்கள். மாவை வீணாக்க வேண்டாம். தண்ணீர் விரலுக்கு இதமான சூட்டில், 40 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கட்டும். 60 டிகிரியை எட்டினால் ஈஸ்ட் செத்துவிடும்.

எல்லாவற்றையும் கலக்கும்போது தண்ணீரை ஒரேயடியாக ஊற்றாமல், கடைசி இரண்டு மூன்று கரண்டியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லா மைதாவும் ஒரே அளவு தண்ணீர் குடிக்காது. அப்புறம் 10 நிமிடம் நன்றாகப் பிசைய வேண்டும். உள்ளங்கையால் தள்ளி, மடித்து, திருப்பி, மறுபடியும் தள்ளுங்கள். முதலில் கையில் ஒட்டும். அதற்காக மாவைத் தூவிக்கொண்டே போனால் பீட்சா கட்டியாகிவிடும். கையில் கொஞ்சம் எண்ணெய் தடவிக்கொண்டு தொடருங்கள். பிசையப் பிசைய மாவிலுள்ள குளூட்டன் என்ற புரதம் வலைபோலப் பின்னிக்கொள்ளும். ஈஸ்ட் வெளிவிடும் வாயுவைப் பிடித்துவைப்பது அந்த வலைதான். ஒரு சின்ன உருண்டையை எடுத்து விரல்களால் மெல்ல விரியுங்கள். கிழியாமல், வெளிச்சம் தெரியும் அளவுக்கு மெலிந்தால் போதும்.

பிசைவதைக் குழந்தைகளிடம் முறைபோட்டுக் கொடுங்கள். அவர்கள் அடித்தாலும் குத்தினாலும் மாவுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் பச்சை மாவை வாயில் வைக்க விடாதீர்கள். வேகாத மாவில் நோய்க்கிருமிகள் இருக்க வாய்ப்புண்டு.

எண்ணெய் தடவிய பாத்திரத்தில் வைத்து மூடி, 1 முதல் 1½ மணி நேரம் விடுங்கள். குளிர்ந்த இடமாக இருந்தால் இன்னும் கொஞ்சம் ஆகும். கடிகாரத்தைவிட மாவைப் பாருங்கள்: இரண்டு மடங்காக வேண்டும், அவ்வளவுதான். முந்தின நாளே தயார் செய்ய முடிந்தால் ஈஸ்டைப் பாதியாகக் குறைத்து, பிசைந்த மாவை இரவு முழுக்கக் குளிர்சாதனப் பெட்டியில் உப்ப விடுங்கள். மெதுவாகப் புளிக்கும் மாவின் ருசியே தனி. நேரமிருந்தால் நான் இந்த வழியைத்தான் சொல்வேன். செய்வதற்கு ஒரு மணி நேரம் முன்பு வெளியே எடுத்து வையுங்கள்.

சாஸ்

பழுத்த தக்காளி அரை கிலோவைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டுத் தோலுரித்து மசியுங்கள். எண்ணெயில் நசுக்கிய பூண்டு 3 பல் வதக்கி, தக்காளி, உப்பு, ஓரிகானோ (வாசனை மூலிகை) சேர்த்து 20 நிமிடம் கொதிக்க விடுங்கள். பாத்திரத்தின் அடியில் கரண்டியால் ஒரு கோடு இழுத்தால் அது உடனே மூடிக்கொள்ளக் கூடாது. அந்தக் கெட்டிதான் பதம். ஆறவைத்துத்தான் பூச வேண்டும்.

காய்கள்

இங்கே அவசரப்படாதீர்கள். காளானை மெலிதாக நறுக்கி, பெரிய தீயில் அகலமான வாணலியில் வதக்குங்கள். முதலில் தண்ணீர் விடும். அது முழுக்க வற்றி, ஓரம் பொன்னிறமாகும் வரை இறக்க வேண்டாம். உப்பைக் கடைசியில் போடுங்கள். கத்தரிக்காய், சுக்கினி (வெள்ளரி போன்ற காய்) என்றால் வட்டமாக நறுக்கி உப்புத் தூவி 20 நிமிடம் வைத்து, வழியும் தண்ணீரைத் துணியால் ஒற்றியெடுத்து, லேசாக வறுங்கள். கீரையை வதக்கிக் கையால் இறுக்கிப் பிழியுங்கள். பிராக்கோலியைச் சின்னப் பூக்களாக்கிக் கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்து, நன்றாக உலர்த்துங்கள். வதக்காத தக்காளித் துண்டு வேண்டுமென்றால் விதையையும் சாறையும் நீக்கிவிடுங்கள். வெங்காயமும் குடைமிளகாயும் மெலிதாக நறுக்கினால் பச்சையாகவே போதும். சோளமணி, ஆலிவ் இரண்டையும் தண்ணீர் வடித்துவிட்டுப் போடலாம்.

கத்தி வேலை பெரியவர்களுக்கு. சின்னவர்கள் காளானைத் துடைக்கட்டும், பேசில் (துளசி வகை) இலைகளைக் கிள்ளட்டும்.

சீஸ்

ஈரம் குறைந்த மொஸரெல்லாவைக் கட்டியாக வாங்கி நீங்களே துருவுங்கள். ஒரு பீட்சாவுக்கு 100 கிராம். துருவியே வரும் சீஸில் ஒட்டாமலிருக்க மாவுப்பொருள் சேர்த்திருப்பதால் அவ்வளவு நன்றாக உருகாது. தண்ணீரில் மிதக்கும் புது மொஸரெல்லா என்றால் பிய்த்து, வடிகட்டியில் அரை மணி நேரம் வைத்துவிடுங்கள்.

விரித்து, அடுக்கி, சுடுவது

ஓவனை அதன் அதிகபட்ச சூட்டில், வழக்கமாக 250 டிகிரி, அரை மணி நேரம் முன்பே போட்டுவிடுங்கள். உள்ளே ஒரு கனமான பேக்கிங் தட்டும் சூடாகட்டும். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்தின் விறகடுப்புகளில் 430 டிகிரிக்கு மேல் சூடு இருப்பதால் ஒன்றரை நிமிடத்துக்குள் பீட்சா வெந்துவிடும். வீட்டு ஓவனில் அந்தச் சூடு கிடையாது. அடியிலிருந்து சுளீரென்று சூடு ஏறத்தான் இந்தத் தட்டு.

மாவை மூன்றாகப் பிரித்து உருட்டி, 20 நிமிடம் ஓய்வு கொடுங்கள். எண்ணெய் தடவிய மெல்லிய தட்டில் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக விரல்களால் விரியுங்கள். சுருங்கிச் சுருங்கி வந்தால் சண்டை போடாமல் 10 நிமிடம் விட்டுவிட்டு மறுபடி விரியுங்கள். பூரிக்கட்டை வேண்டாம், ஓரத்திலுள்ள காற்று போய்விடும். சாஸ் மூன்று மேசைக்கரண்டி போதும். சீஸ், அதன் மேல் காய், ஒரே அடுக்காக. ஆளுக்கொரு பாதியைப் பிரித்துக் கொடுத்து, பிடித்ததை அவரவர் அடுக்கட்டும். காய் சாப்பிட மறுக்கும் குழந்தைகூடத் தான் அடுக்கிய பாதியை ஆசையாகச் சாப்பிடும். ஆனால் குவிக்க விடாதீர்கள். காய்களுக்கு நடுவே சீஸ் எட்டிப்பார்க்க வேண்டும்.

தட்டை அப்படியே ஓவனில் சூடாக இருக்கும் தட்டின் மேல் வையுங்கள். ஓவன் வேலை பெரியவர்களுடையது. 10 முதல் 14 நிமிடத்தில் ஓரம் சிவந்து, சீஸில் அங்கங்கே பழுப்புப் புள்ளி விழும். கரண்டியால் தூக்கி அடிப்பக்கத்தையும் பார்த்துவிட்டு எடுங்கள். இரண்டு நிமிடம் பொறுத்து வெட்டினால் சீஸ் வழியாது. பேசிலை இப்போது தூவுங்கள். ஓவனில் போட்டால் கருகிவிடும்.

ஓவன் இல்லையா? அடிகனமான வாணலியில் விரித்த மாவை மிதமான தீயில் ஒரு பக்கம் புள்ளி விழும் வரை சுட்டு, திருப்பிப் போட்டு, வெந்த பக்கத்தில் சாஸ், சீஸ், காய் வைத்து, மூடி போட்டுச் சிறுதீயில் 6 முதல் 8 நிமிடம் விடுங்கள். சீஸ் சிவக்காது, ஆனால் நன்றாக உருகும். இந்த முறையில் எல்லாக் காய்களையும் முன்பே வதக்கிவிட வேண்டும்.

மீந்த மாவு உருண்டைக்கு எண்ணெய் தடவி, மூடிய டப்பாவில் ஃப்ரீசரில் வைத்தால் ஒரு மாதம் வரை பயன்படுத்தலாம். மீந்த துண்டுகளை மைக்ரோவேவில் வைக்காமல் வாணலியில் மூடி போட்டுச் சூடாக்குங்கள்; அடிப்பக்கம் மறுபடி மொறுமொறுப்பாகும்.