அம்மா இல்லாத முதல் வருஷம், பினாங்கு கடல் பக்கம் எப்படிப் போய் உட்கார்றது

கருமாதி முடியற வரைக்கும் வீட்ல ஆள் இருக்கும், பெரியம்மா சித்தி எல்லாம் அடுப்படியில நிப்பாங்க, கோப்பி கலக்கிக்கிட்டே இருப்பாங்க, யாராச்சும் ஒருத்தர் வந்து கைய புடிச்சுக்கிட்டு அழுவாங்க. பதினேழாவது நாள் காலையில எழுந்திரிச்சா ஃபேன் சத்தம் மட்டும்தான் இருக்கும். அந்த நாளுக்கு என்ன பண்றதுன்னு எனக்கு யாரும் சொல்லிக் குடுக்கல, அதனாலதான் இத எழுதறேன். அம்மாவோ அப்பாவோ போயி வீட்டுக்குள்ள மூச்சு முட்டற மாதிரி இருக்கிறவங்களுக்கு, பக்கத்துல கடல் இருந்தும் அங்க போய் என்ன பண்ணன்னு தெரியாதவங்களுக்கு.

எனக்கு கடல் ஞாபகம் வந்ததே ஒரு போத்தலால. சமையலறை சிங்க்கு கீழ சுத்தம் பண்ணும்போது பழைய ஹண்ட்ரட் ப்ளஸ் போத்தல் ஒண்ணு கிடைச்சுச்சு, மூடிய ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கி வச்சிருந்தாங்க. உள்ள கடல் தண்ணி, அடியில ஒரு விரல் கனத்துக்கு மணல். அமாவாசைக்கு அமாவாசை தெலுக் பஹாங் போனா அம்மா கடல் தண்ணி புடிச்சுட்டு வந்து வாசல்ல தெளிப்பாங்க, திருஷ்டி போகும்னு. போத்தல ஆட்டினா மணல் எழுந்து கலங்கி திரும்ப மெதுவா அடியில போய் உட்காருது, நான் சமையலறை தரையிலயே உட்கார்ந்து அத ஒரு அரை மணி நேரம் பார்த்துக்கிட்டு இருந்தேன். மறுநாள் கார எடுத்துக்கிட்டு கிளம்பினேன்.

முதல் தடவ நான் பண்ணினது தப்பு, அத முதல்ல சொல்லிடறேன். ஸ்கூல் லீவு சமயம் சனிக்கிழமை சாயந்திரம் பத்து ஃபெரிங்கி கடற்கரைக்குப் போனேன். ஜெட் ஸ்கீ சத்தம், பாராசெய்லிங், எங்க பார்த்தாலும் அம்மாவும் பிள்ளையும். ஒரு அம்மா தன்னோட பெரிய மகளுக்கு, முப்பது வயசு இருக்கும், துண்டு எடுத்துக் குடுத்து தலைய துவட்டுன்னு சொன்னாங்க பாருங்க, அதுக்கு மேல என்னால அங்க நிக்க முடியல. அதனால வாரக்கடைசியும் ஸ்கூல் லீவும் வேணாம். வேலை நாள்ல காலையில போங்க, லீவு இல்லன்னா வேலைக்கு முன்னாடி போங்க. இங்க பினாங்குல சூரியன் ஏழு மணிக்கு மேலதான் வருது, ஆறே முக்காலுக்கு கடல் பக்கம் நின்னா இருட்டு வெளிச்சமா மாறுறத முழுசா பார்த்துட்டு எட்டரைக்கு ஆபீஸ்ல இருக்கலாம். பெத்தவங்க செத்தா இத்தன நாள் லீவு குடுத்தே ஆகணும்னு தனியார் வேலைக்கு இங்க சட்டம் இல்ல, கம்பெனி மனசு வச்சா உண்டு. நம்மள்ல முக்காவாசி பேருக்கு இந்த காலை நேரம்தான் கிடைக்கும்.

எந்த இடம்னு கேட்டா, அழகான இடம் தேடாதீங்க. வீட்ல இருந்து இருபது நிமிஷத்துல போகக்கூடிய இடமா பாருங்க, ஏன்னா ஒரு தடவ போறதுல ஒண்ணும் இல்ல, திரும்பத் திரும்ப அதே இடத்துக்குப் போகணும், அதே கல்லு, அதே மரத்தடி. கிழக்குப் பக்கம் குவீன்ஸ்பே ஓரம் காலைக்கு நல்லா இருக்கும், எதிர்ல ஜெரெஜாக் தீவு, அதுக்குப் பின்னாடி இருந்து வெளிச்சம் வரும். சாயந்திரம்தான் முடியும்னா தஞ்சோங் பூங்கா, தெலுக் பஹாங், தெற்க இருக்கிறவங்களுக்கு கெர்தாக் சங்குல். கார் இல்லாதவங்க 101 பஸ் எடுத்தா ஜெட்டியில இருந்து தெலுக் பஹாங் வரைக்கும் போகலாம், கடல் ஓரமாவே போற ரோடு, ஜன்னல் சீட்டு கிடைச்சா அதுவே பாதி மருந்து. பட்டர்வொர்த் பக்கம் இருக்கிறவங்களுக்கு ஃபெர்ரி இருக்கு. ரெண்டு அடுக்கு பழைய ஃபெர்ரி 2020 கடைசியோட நின்னுடுச்சு, 2023ல இருந்து புது போட் ஓடுது, பழைய ஃபெர்ரியில அப்பா கைய புடிச்சுக்கிட்டு கம்பி ஓரம் நின்னவங்களுக்கு இது வேற மாதிரிதான் இருக்கும், ஆனா தண்ணி அதே தண்ணி. கோலாலம்பூர்ல இருக்கிறவங்க மோரிப், ஜெரம் பக்கம் போங்க, அங்கயும் சேறும் கொக்கும்தான், நான் கீழ சொல்றது எல்லாம் அங்கயும் பொருந்தும்.

இப்ப முக்கியமான விஷயம். தண்ணி இறங்கியிருக்கும்போது போங்க. எல்லாரும் அலை பார்க்கத்தான் போவாங்க, எனக்கு அலை உதவல. முதல் சில வாரம் அலையப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்தா மனசு அது பாட்டுக்கு வார்டுக்கும் அந்த கடைசி ராத்திரிக்கும் ஓடிடும், கண்ணு அலை மேல இருக்கும், புத்தி அங்க இருக்கும். தண்ணி இறங்கினா அப்படி இல்ல, தரையில பார்க்கறதுக்கு ஆயிரம் விஷயம் கிடக்கும், குனிஞ்சு பார்த்தாதான் தெரியும், குனிஞ்சு பார்க்கும்போது மனசு கொஞ்ச நேரம் சும்மா இருக்கும்.

தெலுக் பஹாங் மணல்ல ஒரு வகை சின்ன நண்டு இருக்கு, சுண்டு விரல் நகம் அளவுகூட இருக்காது. தண்ணி இறங்கினதும் பொந்துல இருந்து வெளிய வரும், மணல வாயில அள்ளிப் போட்டு அதுல இருக்கிற சாப்பாட்ட மட்டும் எடுத்துக்கிட்டு மிச்ச மணல மிளகு சைஸ்ல உருட்டி உருட்டிப் பின்னாடி தள்ளிக்கிட்டே போகும். பொந்துல இருந்து ஒரு கோடு, திரும்ப பொந்துக்கு வந்து வேற பக்கம் இன்னொரு கோடு, கொஞ்ச நேரத்துல சூரியன் வரைஞ்ச மாதிரி சுத்தி உருண்டையா நிரம்பிடும், வாசல்ல புள்ளி வச்ச மாதிரி. நம்ம நிழல் பட்டா எல்லாம் ஒரே நொடியில உள்ள போயிடும். அசையாம நின்னா, நான் எண்ணிப் பார்த்தேன், நாப்பது வரைக்கும் எண்ணறதுக்குள்ள ஒண்ணு ஒண்ணா வெளிய வரும். அந்த நாப்பது எண்ணற நேரம் நான் வேற எதையும் நினைக்கல. அம்மா போன பிறகு அதுதான் முதல் தடவ.

கர்னி பக்கம்னா சேறு. தண்ணி இறங்கினா கண்ணு மண்டை மேல வச்ச பெலாச்சாக் மீன் சேத்து மேல குதிச்சுக்கிட்டு இருக்கும், கொக்கு ஒத்தக் கால்ல நிக்கும். அங்க கடல ரொம்ப தூரம் மண்ணு போட்டுத் தூத்துட்டாங்க, என் அம்மா உட்கார்ந்து காத்து வாங்கின சுவர்கிட்ட இப்ப தண்ணியே இல்ல, பூங்காவா இருக்கு. உங்க அப்பா அம்மா உட்கார்ந்த இடமும் அப்படி மாறியிருந்தா அதுக்கும் சேர்த்து மனசு வலிக்கும், அதனால முதல் மாசமே பழைய இடத்துக்குப் போகாதீங்க, அவங்களோட சம்பந்தம் இல்லாத ஒரு புது இடத்துல ஆரம்பிங்க.

தண்ணி எப்ப இறங்கும்னு பார்க்கிறது சுலபம், ஃபோன்ல பினாங்கு டைட் டேபிள்னு தேடினா நேரத்தோட வரும். ஒரு நாளைக்கு ரெண்டு தடவ ஏறும், ரெண்டு தடவ இறங்கும், ஒவ்வொரு நாளும் கிட்டத்தட்ட அம்பது நிமிஷம் தள்ளிப் போகும், அதனால இன்னிக்கு ஆறரைன்னா நாளைக்கு ஏழு இருபது கிட்ட இருக்கும். அமாவாசையும் பௌர்ணமியும் ஒட்டின நாள்ல நிலாவும் சூரியனும் ஒரே நேர்ல இழுக்கறதால தண்ணி ரொம்ப மேல ஏறும், இறங்கும்போது ரொம்ப தூரம் உள்ள போயிடும். அம்மா அமாவாசைக்குத்தான் கடலுக்குப் போவாங்க, நாம பெத்தவங்களுக்குத் தர்ப்பணம் குடுக்கிறதும் அமாவாசைக்குத்தான், கடல் அதிகமா அசையற நாளும் அதுதான். இது எனக்கு முப்பத்தாறு வயசுலதான் தெரிஞ்சுது. மாசத்துல ஒரே ஒரு நாள்தான் போக முடியும்னா அமாவாசைக்குப் போங்க, ஆடி அமாவாசை தை அமாவாசைன்னு காத்திருக்கணும்னு இல்ல.

இன்னொண்ணு, துடக்கு, அதான் சாவுத் தீட்டு. எங்க வீட்ல ஒரு வருஷத்துக்குக் கோவிலுக்குப் போகக்கூடாது, பண்டிகை இல்ல, தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோவில் பக்கமே போகல. வீட்டுக்கு வீடு இது மாறும், பெரியவங்க சொல்றபடி செய்ங்க. எனக்கு அந்த வருஷம் சாமிகிட்ட பேசணும்னு நெஞ்சு அடிச்சுக்கும், வாசல் மூடியிருந்த மாதிரி இருந்துச்சு. கடலுக்கு வாசல் இல்ல, யாரும் உனக்குத் துடக்கு இருக்கு போன்னு சொல்ல மாட்டாங்க. தெலுக் பஹாங் சிங்கமுக காளியம்மன் கோவில் மாசிமகத்துக்கு அம்மா வருஷா வருஷம் போவாங்க, தெப்பம் கடல்ல மிதக்கறதப் பார்க்க. அந்த வருஷம் மாசிமகம் முடிஞ்சு ரெண்டு நாள் கழிச்சு நான் தனியா போய் அதே தண்ணியில காலை நனைச்சுட்டு வந்தேன். தீபாவளி அன்னைக்கு மத்த வீட்ல எல்லாம் பட்டாசு வெடிக்கும், நீங்க உள்ள உட்கார்ந்திருக்க முடியாது, அன்னைக்குக் காலையில கடல் பக்கம் கிளம்பிடுங்க, இத இப்பவே பிளான் பண்ணி வச்சுக்குங்க. முஸ்லிமா இருந்தா ஒரு யாசின் ஓதலாம், கிறிஸ்தவங்க ஜெபமாலை கொண்டு போகலாம், ஒண்ணுமே சொல்லத் தோணலன்னா சும்மா நிக்கலாம்.

கூட என்ன கொண்டு போறது? ஒரு துண்டு, குடிக்கத் தண்ணி, ஃபிளாஸ்க்ல கோப்பி ஓ, பால் போடாத கோப்பி. அவங்க அனுப்பின வாட்ஸ்அப் வாய்ஸ கடற்கரையில போட்டுக் கேக்காதீங்க, தயவுசெஞ்சு சொல்றேன். நான் கேட்டேன், காத்து சத்தத்துல பாதி வார்த்தை கேக்கல, திரும்பத் திரும்ப காதுல அழுத்தி அழுத்திக் கேட்டு இன்னும் மோசமாச்சு. அத வீட்ல கதவ சாத்திட்டுக் கேளுங்க. கடல்கிட்ட நீங்க பேசுங்க, சத்தமாவே பேசுங்க, காத்து எடுத்துக்கும். நான் பேசினது எல்லாம் பெரிய விஷயம் இல்ல, கரண்ட் பில்லு உங்க பேர்லயே வருதும்மா மாத்தவா வேணாமா, அந்த மாதிரி.

கைக்கு ஒரு வேலை குடுங்க. தஞ்சோங் பூங்கால தூண்டில் போடற அங்கிள் ஒருத்தர், நான் நாலஞ்சு நாள் அதே கல்லுல உட்கார்ந்திருக்கிறதப் பார்த்துட்டு,

"அம்மாவா, அப்பாவா?"ன்னு கேட்டார்.

"அம்மா, அங்கிள்."

"ம்ம்"னார். கொஞ்ச நேரம் கழிச்சு, "இத புடிம்மா, நான் போய் தண்ணி வாங்கிட்டு வரேன்"னு தூண்டில என் கையில குடுத்துட்டுப் போயிட்டார். வர கால் மணி நேரம் ஆச்சு. அவ்ளோ நேரமும் அந்த நூல்ல கடல் இழுக்கறது என் விரலுக்குத் தெரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. மீன் ஒண்ணும் மாட்டல. திரும்பி வந்தப்ப எனக்கும் பால் இல்லாத டீ, தே ஓ, ஒண்ணு கடையில கட்டி வாங்கிட்டு வந்து குடுத்தார், அதுக்கு மேல ஒண்ணும் கேக்கல. தூண்டில் இல்லன்னா சிப்பி பொறுக்குங்க, கரையில கிடக்கிற பிளாஸ்டிக்க ஒரு பையில போடுங்க.

கோவம் வர்ற நாள் இருக்கும், ஏன் சீக்கிரம் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகலன்னு நம்ம மேலயே வர்ற கோவம். அந்த நாளுக்கு உட்கார்றது சரிவராது, நடக்கணும். தெலுக் பஹாங்ல இருக்கிற தேசியப் பூங்காவுல பந்தாய் கெராச்சுட் வரைக்கும் காட்டுப் பாதை இருக்கு, ஒன்றரை மணி நேரம் ஏறி இறங்கணும், வேர்த்து ஊத்தும். அந்தப் பக்கம் ஒரு ஏரி இருக்கு, மழை இல்லாத காலத்துல வத்திடும், தண்ணி இருக்கும்போது மேல நல்ல தண்ணியும் கீழ உப்புத் தண்ணியும் கலக்காம நிக்கும். பக்கத்துலயே ஆமை முட்டை பாதுகாக்கிற இடமும் இருக்கு. அங்க தனியா போகாதீங்க, பேசாம கூட நடக்கக்கூடிய ஒருத்தர கூட்டிட்டுப் போங்க.

ஜாக்கிரதையா இருக்க வேண்டியதும் இருக்கு. தூக்கம் இல்லாத உடம்போட நீந்தாதீங்க, முட்டிக்கு மேல தண்ணியில இறங்க வேணாம். இங்க ஜெல்லிமீன் உண்டு, சிலது ஆபத்தானது, கொட்டினா தேய்க்காதீங்க, நல்ல தண்ணி ஊத்தாதீங்க, வினிகர் ஊத்தி உடனே ஆஸ்பத்திரி போங்க. சேத்துல நடக்காதீங்க, ஓரத்துல நின்னு பாருங்க. இடி இடிச்சா கார்ல போய் உட்காருங்க, செப்டம்பர் அக்டோபர்ல மழை ஜாஸ்தி, டிசம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் வானம் தெளிவா இருக்கும். எங்க போறீங்கன்னு வீட்ல ஒருத்தர்கிட்ட சொல்லிட்டுப் போங்க. தண்ணியப் பார்க்கும்போது உள்ள போயிடலாமான்னு ஒரு எண்ணம் வந்தா, அது வர்றது உண்டு, வெக்கப்படாதீங்க, கரையில இருந்து எழுந்து ஆள் இருக்கிற இடத்துக்குப் போய் ஃபோன் பண்ணுங்க. மனசு தாங்காதவங்க பேச்ச காது குடுத்துக் கேக்கிற பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929, ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பாங்க. சுகாதார அமைச்சோட மனநல உதவி எண், ஹீல் லைன் 15555. இத இப்பவே ஃபோன்ல சேவ் பண்ணி வச்சுக்குங்க.

எத்தன நாள்ல சரியாகும்னு கேக்காதீங்க, எனக்கு இன்னும் ஆகல. ஆனா நாலாவது மாசமோ அஞ்சாவது மாசமோ ஒரு நாள் காலையில செம்பருந்து ஒண்ணு தண்ணிக்கு மேல வட்டம் போட்டுச்சு, நெஞ்சு வெள்ளையா வெயில்ல பளிச்சுன்னு தெரிஞ்சுது. கருடன் பார்த்தா அம்மா எங்க இருந்தாலும் நின்னு கன்னத்துல போட்டுக்குவாங்க, கார் ஓட்டறவர்கிட்டயும் "பாருங்க பாருங்க"ன்னு காட்டுவாங்க. சின்ன வயசுல எனக்கு அது வெக்கமா இருக்கும். அன்னைக்கு என் கை தானா கன்னத்துக்குப் போயிடுச்சு, போனதுக்கு அப்புறம்தான் எனக்கே தெரிஞ்சுது.

அந்த போத்தல் இன்னும் சிங்க்கு கீழதான் இருக்கு, ரப்பர் பேண்ட் பிஞ்சுடுச்சு, வேற போட்டிருக்கேன். வாசல் தெளிக்கிறதுக்கு நான் இன்னொரு போத்தல் எடுத்துக்கிட்டுப் போறேன். அடுத்த அமாவாசைக்கு தங்கச்சியும் வரேன்னு சொல்லியிருக்கா.