பில் இருந்தும் செல்லாத செலவு

கும்பகோணத்தில் சிறிய அச்சகம் நடத்துகிறேன். மார்ச் வந்தால், புதிதாக டிசைன் தொழிலில் இறங்கிய தம்பிகள் பில் கட்டோடு வந்து, "அண்ணே, வருமான வரிக்கு இதையெல்லாம் செலவாகக் கழித்துக்கொள்ளலாமா?" என்று கேட்பார்கள். பில்லைத் தொலைக்காதே என்றெல்லாம் நான் பாடம் எடுப்பதில்லை. எப்படிப் பணம் கொடுத்தாய் என்றுதான் கேட்பேன்.

ரொக்கம்

ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், வருமான வரிக் கணக்கில் அந்தச் செலவு செல்லாது. மிஞ்சிய தொகை மட்டுமல்ல, முழுத் தொகையும் போய்விடும்.

2017 ஏப்ரலுக்கு முன் இந்த வரம்பு 20,000. அது பாதியானது தெரியாமல், தை, மாசி முகூர்த்தங்களுக்கான காகிதத்தை ஒவ்வொரு முறையும் 18,000 ரூபாய் எண்ணிக் கொடுத்தே வாங்கினேன். வரம்புக்குள் நிற்கிறோம் என்ற பெருமிதம் வேறு! ஏழு கொள்முதல்; 1,26,000 ரூபாய். பில் உண்டு, காகிதம் வந்தது, கல்யாணப் பத்திரிகையாகி ஊரெங்கும் போனது. ஆடிட்டர் பேரேட்டைப் புரட்டிவிட்டு அத்தனையையும் என் லாபத்தில் சேர்த்தார். 20 சதவீத அடுக்கில் வரி மட்டும் 25,200; வரியின் மேல் போடும் செஸ் தனி. காகிதக்காரர் தன் வருமானத்தில் காட்டிய அதே பணத்துக்கு நானும் வரி கட்டினேன். இன்றைக்கும் வயிறு எரிகிறது.

போன மாதம் ஒரு தம்பி 27,000 ரூபாயை மூன்று பில்லாகப் பிரித்து, ஒரே நாளில் ரொக்கமாகக் கொடுத்துவிட்டுச் சிரித்தான். சட்டம் பில்லை எண்ணுவதில்லை, அன்றைய மொத்தத்தைக் கூட்டுகிறது. செக் என்றாலும் வெறும் கோடு போதாது; 'அக்கவுண்ட் பேயீ' என்று எழுத வேண்டும். யுபிஐயில் அனுப்பினால் இந்தத் தொல்லையே இல்லை.

விதிவிலக்குகள் உண்டு. அரிசி ஆலைக்காரர் நெல்லை விளைவித்த விவசாயியிடமே வாங்கினால் ரொக்கம் கொடுக்கலாம். வியாபாரியிடம் வாங்கினால் அந்தச் சலுகை இல்லை. லாரி வாடகைக்கு வரம்பு 35,000.

புதிய வரி முறை

இதில் எதையுமே கழிக்க முடியாது என்று சிலர் நினைக்கிறார்கள். எல்ஐசி பிரீமியம் போன்ற சொந்தச் சேமிப்பைத்தான் கழிக்க முடியாது. கடை வாடகையையும் காகிதச் செலவையும் தாராளமாகக் கழிக்கலாம்.

உத்தேச லாபம்

செலவுகளைக் கணக்கிடாமல், விற்றுமுதலில் 6 அல்லது 8 சதவீதம் லாபம் என்று காட்டியவர் வாடகையைத் தனியாகக் கழிக்க முடியாது.

மார்ச் கடைசியில் கணினி

வாங்கிய ஆண்டில் கணினியை 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் தேய்மானம் (விலையில் அந்த ஆண்டுச் செலவாகக் கழிக்கும் பங்கு) 40 அல்ல, 20 சதவீதம். பெட்டியைப் பிரிக்காமலே வைத்திருந்தால் அதுவும் கிடையாது.